எழுத்தில்லாப் புத்தகமும் நீதிமன்றமும்

1992ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஒரு சிறு நூலில் கதையைச் சொல்வன படங்களே. ஜெனி என்னும் பெண் புதிய இல்லமொன்றிற்குக் குடிவருகின்றாள். அங்கே அவள் உள்ளம் அமைதியடையவில்லை. உடனிருப்போர் பொறுமையோடு பழகவே, சிறு வயதில் தனக்கு நேர்ந்த பாலியற் கொடுமையை அவள் சிறிது சிறிதாக வெளியிடுகின்றாள். மறு ஆண்டு வெளிவந்த இன்னொரு நூல் பொப் என்னும் ஆடவனுடைய கதை. ஆண்மக்களுக்கு இத்தகைய தீங்கு நேராது என்று எண்ணியிருப்போர் அதனைப் பார்த்தல் நன்று.

இவற்றை ஆக்கியோர் மனநோய் மருத்துவப் பேராசிரியை ஷீலா ஹொலின்சும், உளச்சிகிச்சையாளர் வலெரி சினசனும் ஆவர். வாசிக்க இயலாத தம் மகனுக்குப் படங்கள் மூலம் உலகியலை விளக்கிய அனுபவமே ஹொலின்ஸ் அம்மையாரை இம்முயற்சியிற் செலுத்தியது. எழுத்தை ஏன் விட்டனர்? படத்தைக் காண்பவர் அதில் என்ன நடக்கின்றது என்பதைத் தாமே சொல்லலாம். பிறர் ஒருவர் அவர் வாயிற் சொற்களை இடவேண்டியதில்லை. வாசிக்கத் தெரியாதோர்க்கு மட்டுமன்று, நடந்ததைச் சொல்லத் துணியாதோர்க்கும் இது பெருந்துணை.

இத்தகைய விடயத்தைக் குடும்பத்தார் வாசிக்கும் பக்கத்தில் எழுதலாமோ என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடும்பத்தாரே இதனை முதலில் அறிதல் வேண்டும் என்பது நமது கருத்து. அறிவு வளர்ச்சி பின்தங்கிய ஒருவரைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பிறர் கை வேண்டியிருக்கின்றது. எந்தத் தொடுகை பணிவிடை, எந்தத் தொடுகை தீங்கு என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உடலுறுப்புகளின் பெயர்களைக்கூட நாணங் கருதி மறைத்துவிடுகின்றோம். அதற்கு மேல், பெரியோர் சொற்படி மறுக்காமல் நடக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்று புகழ்கின்றோம். தீயவன் எதிர்பார்ப்பதும் அந்த மறுக்காத பிள்ளையைத்தான். அவன் பெரும்பாலும் தெருவிற் கண்ட அந்நியனல்லன். வீட்டிற்கோ பாடசாலைக்கோ வந்து போகும் அறிமுகமானவன்.

தீங்கு நேர்ந்தபின் அது வெளிப்படும் விதமும் வேறு. முன்பு விரும்பிச் சென்ற இடத்திற்குப் போக மறுத்தல், படுக்கையை நனைத்தல், தன்னைத் தானே கடித்தல், இரவில் அலறுதல் ஆகியன தோன்றலாம். கண்டோர், “அது அவனுடைய குறைபாட்டின் குணம்” என்று கூறி அமைந்துவிடுவர். இவ்வாறு குறைபாட்டின்மீது பழி போடுதலே உண்மையை மறைக்கும் திரையாகின்றது. வேறு சிலர் ஓயாமற் புன்னகை செய்வர். பிறர் தம்மை வெறாதிருக்கும்பொருட்டு அணிந்துகொண்ட முகமூடியே அப்புன்னகை எனச் சினசன் அம்மையார் விளக்கினார். புன்னகையைக் கண்டு துன்பமில்லை என்று முடிவு செய்தல் தவறு.

இனி, நீதிமன்றத்திற் சாட்சி சொல்லும் நிலையை நோக்குவோம். “நீ அன்று அங்கே போகவில்லை, அப்படித்தானே?” என்று சட்டத்தரணி வினவினால், கற்றோரும் ஒரு கணம் தயங்குவர். அறிவு வளர்ச்சி குன்றியவரோ, அதிகாரமுடையவருக்கு உடன்படுவதே முறையென்று பழகியவராதலின், “ஆம்” என்றுவிடுவர். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் விடை பிழைபோலும் என்றெண்ணி மாற்றிக் கூறுவர். ஓட்டிசம் உடையோரின் இடர் வேறு வகையானது. அவர்களுட் பட்டதாரிகளும் உளர்; எனினும் சொல்லைச் சொல்லாகவே கொள்வர். “அவர் உன்னைக் கையாற் தொட்டாரா?” என்று கேட்டால், வேறு உறுப்பாற் தொட்டிருப்பின், “இல்லை” என்பர். அது பொய்யன்று, வினாவிற்குச் சரியான விடை. கண்ணைப் பார்த்துப் பேசாமையை வஞ்சகத்தின் அடையாளமாக நடுவர் கொள்ளுதலும் உண்டு.

இவ்விடர்களை நீக்கவே 1999ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சாட்சிக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் இடையே திரையிடலாம். வேறோர் அறையிலிருந்து தொலைக்காட்சி மூலம் சாட்சியம் பெறலாம். நீதிபதியும் சட்டத்தரணிகளும் பொய்ம்முடியையும் நீள் அங்கியையும் களைந்துவிட்டு அமரலாம். இவற்றினும் சிறந்தது இடைநிலையாளர் என்னும் ஏற்பாடு. பேச்சுப் பயிற்சி வல்லுநர் பலர் இப்பணியில் உள்ளனர். இடைநிலையாளர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். சாட்சிக்கு எவ்வகை வினா விளங்கும், எத்தனை நிமிடத்திற்கொருமுறை ஓய்வு வேண்டும், “செவ்வாய்க்கிழமை” என்பது விளங்காவிடின் “சோறு உண்ணுமுன்” என்பது விளங்குமோ என்றெல்லாம் முன்னரே ஆராய்ந்து நீதிமன்றத்திற்கு அறிவிப்பார். விசாரணையில் அருகிலிருந்து, வினா விளங்காதவிடத்து இடைமறிப்பார். சாட்சி உண்மை பேசுகின்றாரா என்பது பற்றி அவர் வாய் திறத்தலாகாது. 2004இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இம்முறை, 2008இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவியது.

குறுக்கு விசாரணையை வழக்கு நாளுக்கு முன்னரே பதிவுசெய்து வைக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. ஆனால் அப்பிரிவு 2013ஆம் ஆண்டின் இறுதியிலேதான் மூன்று நீதிமன்றங்களிற் பரீட்சிக்கப்பட்டது. சட்டத்தை எழுதியவர்கள் பதினான்கு ஆண்டு பொறுத்திருக்கலாம். நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டிய சாட்சி எவ்வாறு பொறுத்திருப்பார்?

தீர்ப்போடு துன்பம் தீர்வதில்லை. இவர்கள் உளச்சிகிச்சையாற் பயன்பெறார் என்னும் கொள்கை நெடுங்காலம் நிலவிற்று. 1991இல் இலண்டனில் தொடங்கிய ‘ரெஸ்பொண்ட்’ என்னும் அமைப்பு இவர்களுக்கே சிகிச்சையளித்து அக்கொள்கை பொய்யென்று காட்டியது. வரைதலும் பொம்மைகளும் அங்கே பேச்சுக்கு ஈடாகும். ஓட்டிசம் உடையோர்க்கு ஒரே அறை, ஒரே நேரம், மங்கலான ஒளி, எதிர்பாராத மாற்றமின்மை ஆகியவையே மருந்திற் பாதி எனலாம்.

நம் நாட்டில், உடற்குறை அல்லது மனக்குறை உடைய பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் கடுந்தண்டனையை 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் விதித்தது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், சிறுவர்களின் முதல் வாக்குமூலத்தை வீடியோவிற் பதிந்து சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. ஆங்கிலச் சட்டமும் அதே ஆண்டிற் பிறந்ததென்பது கவனித்தற்குரியது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இற் புதுக்கப்பட்டது.

வீட்டில் இத்தகைய ஐயம் எழுந்தாற் செய்யவேண்டியவை சில. ஐயத்திற்குரியவரை உடனே விலக்கி வைத்தல் வேண்டும். பிள்ளை சொன்னதை, அது கொச்சையாயினும், அச்சொல்லிலேயே நாளும் நேரமும் இட்டு எழுதி வைக்க வேண்டும். உறவினர் ஒவ்வொருவராக வந்து கேட்டுக் குடையலாகாது. குளிப்பாட்டுதலையும் உடை துவைத்தலையும் ஒத்திவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். பல வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ உண்டு. சிறுவராயின் 1929 என்னும் இலக்கத்திற்கு அழைக்கலாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்குமுன், அந்த அறையையும் கட்டிலையும் கையுறையையும் ஒவ்வொன்றாகப் பிள்ளைக்குக் காட்டி, “வேண்டாம் என்றால் கையை உயர்த்து, நிறுத்திவிடுவோம்” என்று கூறும்படி அவரை வேண்டிக்கொள்ளலாம். கை உயர்ந்தால் நிறுத்தவும் வேண்டும்.