கணக்கில் வராத ஒரு பறவை

சனவரி மாதம் முதலாந் திகதி விடியற்காலையில் அயலவர் புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொண்டிருக்க, நாமோ கமராவும் கையுமாகக் கிணற்றடியில் நின்று காகம் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருப்போம். காகத்தைப் படம்பிடிக்கவா ஒருவர் விடியுமுன் எழவேண்டும் என்று நகைப்பவர் நகைக்கட்டும். புதிய குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் 1 என்ற இலக்கத்துக்கு எதிரே 'காகம்' என்று எழுதும்போது உண்டாகும் மகிழ்ச்சியை அனுபவித்தவரே அறிவர்.

ஆண்டின் முதல் நாள் தொடக்கம் இறுதி நாள் வரை, கட்டின்றித் திரியும் பறவைகளில் எத்தனை இனங்களை நம் கையால் படம்பிடிக்கின்றோம் என்று எண்ணுவதே இப்பொழுதுபோக்கு. போட்டியில்லை, பரிசுமில்லை. நமக்கு நாமே விதித்துக்கொண்ட விதிகள் மூன்று உண்டு. கூண்டுப்பறவையும் வளர்ப்புப் பறவையும் கணக்கில் சேரா. ஓரினத்தை ஆயிரம் முறை எடுத்தாலும் அது ஒன்றே. இன்ன இனமென்று ஐயமின்றிக் கூறத்தக்கவாறு படம் தெளிவாயிராவிடின், அப்பறவையும் இல்லை.

ஒன்று இரண்டாகும் விந்தை

முதல் வாரத்தில் எண்ணிக்கை விரைந்து ஏறும். வேலியோரத்தில் கூட்டமாய்க் கலகலக்கும் புலுனி, கிடுகு வேலிக்குள் பதுங்கிச் செல்லும் செண்பகம், மின்கம்பியில் வீற்றிருக்கும் கரிச்சான், செவ்வரத்தம்பூவை நாடும் தேன்சிட்டு ஆகியன தாமாகவே வந்து சேரும். பனைகளைச் சுற்றி ஓயாது வட்டமிடும் உழவாரக்குருவியோ எளிதில் அகப்படாது. பனையோலையின் அடிப்புறத்தில் தன் உமிழ்நீரால் இறகுகளை ஒட்டிக் கூடமைக்கும் அச்சிறு பறவை, ஒரு கணமேனும் ஓரிடத்தில் நில்லாது. ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கமராவின் கண்ணைத் திறந்து மூடினாற்றான் அதன் சிறகு தெளிவாக விழும். 36 படங்கள் கொண்ட சுருளை எண்ணியெண்ணிச் செலவிட்ட காலத்தில் இது செல்வந்தர்க்கே உரிய ஆசையாயிருந்தது. இலக்கமுறைக் கமரா வந்தபின் பொறுமையுள்ள எவரும் முயன்று பார்க்கலாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் விந்தை தொடங்குகின்றது. காகம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றுள் கழுத்துச் சாம்பல் நிறமானது ஓரினம். உடல் முழுதும் கறுத்துத் தடித்த அலகுடைய அண்டங்காகம் வேறோரினம். பஞ்சுருட்டானிலும் அப்படியே. ஆண்டு முழுவதும் நம்முடன் வாழும் சிறிய பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று. மாரிக்கு முன் வடக்கேயிருந்து வந்து சித்திரையளவில் திரும்பிச் செல்லும் நீலவால் பஞ்சுருட்டான் மற்றொன்று. நாற்பது ஆண்டுகளாகக் கண்டும் காணாதிருந்த வேறுபாடுகளை இக்கணக்கு நமக்குக் காட்டிற்று.

தெளிவான சான்று வேண்டுமென்பது வெறும் பிடிவாதமன்று. நமது நாட்டின் ஈரவலயக் காட்டில் இரவில் எழுந்த ஒரு புதிய குரலைப் பறவையியலாளர் தீபால் வரக்காகொட 1995இல் முதன்முதலாகக் கேட்டார். குரலுக்குரிய பறவையை அவர் கண்ணாற் கண்டது 2001இல். அதனை விரிவாக ஆராய்ந்து, 'செரண்டிப்' என்னும் பெயர் சூட்டப்பெற்ற புதிய ஆந்தையினமென உலகுக்கு அறிவித்தது 2004இல். ஒரு குரலைப் பின்தொடர்ந்து அவர் ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருக்க, மங்கலான படத்தைக் கணக்கில் சேர்க்க நாம் அவசரப்படலாமா?

மன்னாரில் ஒரு நண்பகல்

பறவை நாடுவோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மன்னாருக்குச் செல்லவேண்டும். மத்திய ஆசியாவினூடாகத் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் வான்வழி முடிவுறும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தாம்போதியின் இருமருங்கும் பரந்துகிடக்கும் வங்காலை நீர்ப்பரப்பு 2008இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாரிகாலத்தில் அங்கு ஆயிரக்கணக்கான ஊசிவால் வாத்துக்களைக் காணலாம். காலம் வாய்த்தால் பூநாரைகளையும் காணலாம்.

ஆயினும் நாம் சொல்ல வந்தது சென்ற ஆண்டு வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. விருந்தாளிப் பறவைகள் திரும்பிவிட்டன. நமது தமக்கையாரின் மகன், உயர்தர வகுப்பு மாணவன், கமராப் பையைச் சுமந்து உடன் வந்தான். சிப்பியோடுகள் சிதறிக்கிடந்த உப்புத்தரையில், ஊர்க்குருவியினும் சற்றே பெரிய ஒரு பறவை கால்கள் தெரியாத வேகத்தில் ஓடிற்று. அதுவே அனுமன் உப்புக்கொத்தி. பல நாட்டுக் கரைகளில் வாழும் கெந்திஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினமென்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. இதன் சிறகும் வாலும் அலகும் குறுகியவை என்பதையும், மரபணுவிலும் இது வேறுபட்டதென்பதையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் பிறநாட்டறிஞரும் ஆராய்ந்து, தனியினமென 2023இல் நிறுவினர். இங்கும் ஒன்று இரண்டாயிற்று. இராமர் அணையை அடுத்து வாழ்வதால் அணை கட்டியோருள் ஒருவனான அனுமனின் பெயர் பெற்ற பறவை அது. நமது குறிப்பேட்டில் அதற்கு 76ஆம் இலக்கம் காத்திருந்தது.

பறவை ஓடிற்று, நின்றது, ஒரு சிறகு ஒடிந்ததுபோல நிலத்தில் இழுத்துக்கொண்டு துடித்தது. "இன்னுங் கொஞ்சம் கிட்டப் போவம் மாமா, நல்லாய் விழும்" என்றான் மருமகன். போனோம். அப்போது வலையைத் தோளிற் சுமந்து அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் நின்றார்.

"தம்பிமார், உங்கடை காலடியிலைதான் அதின்ரை முட்டை கிடக்குது. வெயில் எரிக்குது. நீங்கள் நிக்குமட்டும் அது வராது."

குனிந்து நோக்கினோம். இரண்டு சாண் தூரத்தில், சிப்பித் துண்டுகளுக்கிடையே, மணலின் நிறமே தன் நிறமாக இரண்டு முட்டைகள். கூடு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கடுவெயிலில் இப்பறவைகள் தம் வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விப்பதுண்டு. நிழல் தரும் தாய் விலகி நின்றால் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துவிடும். ஒடிந்த சிறகு என்று நாம் கண்டது, நம்மை அவ்விடத்தினின்றும் அகற்ற அது ஆடிய நாடகமே. நூல்களில் இதையெல்லாம் படித்திருந்தோம். இலக்கத்தின் மீதிருந்த ஆசையால் மறந்துபோனோம்.

வந்த வழியே அடிமேல் அடிவைத்துத் திரும்பினோம். வீதியை அடைந்து நோக்கியபோது பறவை முட்டைகளின்மேல் அமர்ந்துவிட்டது. அங்கிருந்து எடுத்த படத்தில், அலையாடும் வெப்பக்காற்றினூடே ஒரு வெண்புள்ளி மட்டும் விழுந்திருந்தது.

"இதை எண்ணலாமோ மாமா?" என்றான் மருமகன்.

விதி விதியே. எண்ணவில்லை. பிறகு வேறோர் இடத்தில், கூடில்லாத ஒன்றைத் தேடியும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆண்டிறுதியில் நமது கணக்கு 118இல் நின்றது. அந்த மங்கலான படத்தை மட்டும் இலக்கமின்றிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மருமகன் ஒட்டிவைத்திருக்கின்றான்.

மாணவ நண்பர்களே, கமரா இல்லையே என்று கவலைப்படவேண்டாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். திகதி, இடம், நேரம், கண்டது ஆகியவற்றை உண்மையாக எழுதுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறத்தில் இருக்கட்டும். பறவையை நோக்கி நேரே நடவாது, அமர்ந்திருந்து அது தானாக அணுகும்வரை பொறுங்கள். பறவை ஒடிந்த சிறகைக் காட்டினால், நீங்கள் அதன் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று அறிந்து உடனே விலகுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு காகம் இருக்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.