சிறுநீரக நோயாளரின் உணவில் காளான்

இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1983-ல் தேசியக் காளான் ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அன்று பெரும்பாலோருக்கு அரிய பண்டமாக இருந்த காளான், இன்று நடுத்தரக் குடும்பங்களின் சமையலறையிலும் இடம்பெற்றுவிட்டது. இதே காலத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகி, அவற்றின் விளைவாகச் சிறுநீரக நோயும் பெருகியுள்ளது. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016-ல் தொடங்கப்பட்டது. ஆகவே, சிறுநீரக நோயாளர் காளான் உண்ணலாமா என்ற வினா பல இல்லங்களில் எழுவது இயல்பே.

உண்ணலாம், ஆனால் அளவும் சமைக்கும் முறையும் அறிந்து உண்ண வேண்டும்.

அளவு ஏன் முக்கியம்?

நலிவுற்ற சிறுநீரகம் மிகையான பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் சோடியத்தையும் முழுமையாக வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும்; பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்புகள் வலுவிழக்கும். 100 கிராம் பச்சை மொட்டுக் காளானில் ஏறத்தாழ 320 மில்லிகிராம் பொட்டாசியமும் 85 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன; சோடியம் 5 மில்லிகிராமே. சிப்பிக் காளானில் பொட்டாசியம் ஏறத்தாழ 420 மில்லிகிராம். ஆகவே, ஒரு வேளைக்கு 50 கிராம் மொட்டுக் காளான் என்றால் உடலில் சேரும் பொட்டாசியம் 160 மில்லிகிராம் அளவே ஆகும்.

சமைக்கும் முறை

பொட்டாசியம் நீரில் கரையும் தன்மையுடையது. காளானை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் அதன் ஒரு பகுதி நீங்கும். காளான் சூப்பில் அது நீரிலேயே தங்கிவிடுவதால் சூப் ஏற்றதன்று. உலர்ந்த காளானில் நீர் நீங்கிச் சத்துகள் செறிந்திருப்பதால் எடையைக் குறைத்தே கணக்கிட வேண்டும். டப்பாவில் அடைத்த காளானில் பொட்டாசியம் குறைவாயினும், 100 கிராமில் சோடியம் 400 மில்லிகிராமையும் தாண்டக்கூடும். அதைக் கழுவியே பயன்படுத்த வேண்டும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் 'குறைந்த சோடிய' உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், மருத்துவரைக் கேளாமல் அதைச் சேர்த்தல் ஆபத்தாகும்.

ஒரு தவறான நம்பிக்கை

காளான் இறைச்சிக்கு ஈடானது என்பது பரவலான கருத்து. 100 கிராம் பச்சைக் காளானில் புரதம் 3 கிராம் அளவே. டயாலிசிஸ் பெறாதோருக்குப் புரதத்தை மட்டுப்படுத்துமாறும், டயாலிசிஸ் பெறுவோருக்குக் கூட்டுமாறும் மருத்துவர்கள் கூறுவது வழக்கம். பின்னவர் காளானை மட்டும் நம்பினால் உடல் மெலிய நேரிடும்.

காட்டிலும் வயலிலும் தானே முளைக்கும் காளான்களை எவரும் தவிர்ப்பதே நலம். அவற்றுள் சிலவற்றின் நஞ்சு சிறுநீரகத்தையே அழிக்கும்; வேகவைத்தாலும் அது நீங்காது.

எல்லா நோயாளருக்கும் ஒரே கட்டுப்பாடு பொருந்தாது. இரத்தப் பரிசோதனை முடிவைக் கண்டு மருத்துவரும் உணவியல் வல்லுநரும் வகுக்கும் அளவே இறுதியானது. காளானைப் பெருக்கும் பணியோடு, அதை யார் எவ்வளவு உண்ணலாம் என்ற அறிவையும் மக்களிடம் சேர்ப்பது நம் கடமையாகும்.