இனிப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும் இலை

“சர்க்கரைக்கொல்லி இலையை மென்றுவிட்டு வெல்லத்தைத் தின்றால் மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது. நாக்கிலேயே இனிப்பை அழிக்கிற இலை ரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் அழிக்கும்தானே? மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். கேள்வியின் முதல் பாதி அருமையானது. கடைசிப் பாதி ஆபத்தானது.

முதலில் அருமையைப் பார்ப்போம். சிறுகுறிஞ்சான் என்றும் அழைக்கப்படும் இந்தக் கொடியின் இலை ஒன்றிரண்டை மென்று, சாறு நாக்கு முழுக்கப் படரும்படி வைத்திருந்து துப்பிவிட வேண்டும். லேசாகக் கசக்கும். பிறகு ஒரு சிட்டிகை சீனி போட்டால் பல்லில் நறநறக்கும், எச்சிலில் கரையும், இனிக்காது. வாழைப்பழத்தில் மணமும் குழைவும் அப்படியே இருக்கும். இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். உப்பு கரிக்கிறது, எலுமிச்சை புளிக்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாக்கு மரத்துப்போனால் எல்லாச் சுவையும் அல்லவா மங்க வேண்டும்? இந்த இலை எப்படி ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறது?

இனிப்பை உணரும் ஏற்பி, டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்களின் ஜோடி. 2001இல்தான் இது தெளிவானது. ஒவ்வொரு புரதத்துக்கும் செல்லுக்கு வெளியே வாய் பிளந்த ஒரு பெரிய பகுதி. அதற்குக் கீழே செல்சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஒரு பகுதி. சர்க்கரை மூலக்கூறு வெளிப்பகுதியில் வந்து அமர்ந்ததும் அந்த வாய் மூடுகிறது. மூடும்போது உண்டாகும் முறுக்கு சவ்வுப் பகுதி வழியாக இறங்கிச் செல்லுக்குள் செய்தியாகிறது.

இதைக் கோயில் மணியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பகுதி, பக்தர் இழுக்கும் கயிறு. சவ்வுப் பகுதி, மேலே தொங்கும் மணியின் நாக்கு. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் கயிற்றைப் பிடித்து நிறுத்துவதில்லை. மேலே ஏறி மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிடுகிறது. சீனி வந்து இழுக்கிறது, கயிறு ஆடுகிறது, ஓசை எழவில்லை. செயற்கை இனிப்புகளான சாக்கரின் இழுத்தாலும் அஸ்பார்டேம் இழுத்தாலும் அதே கதிதான். உள்ளே அர்ச்சகரின் காதில் பழுதில்லை. பக்கத்து மண்டபத்தில் கசப்பு மணியும் புளிப்பு மணியும் கணீரென்று ஒலிக்கின்றன. எலியின் கோயிலிலோ மணி நாக்கின் வார்ப்பே வேறு. துணி அதில் நிற்காது. அதனால்தான் எலிக்கு ஜிம்னீமிக் அமிலத்தால் இனிப்பு மறைவதில்லை.

இந்த எலியை வைத்தே துணி சுற்றும் இடத்தையும் கண்டுபிடித்தார்கள். மனித ஏற்பியின் துண்டுகளையும் எலி ஏற்பியின் துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அது டி1ஆர்3இன் சவ்வுப் பகுதி என்று 2014இல் எழுதினார்கள். சுற்றிய துணியை அவிழ்க்கவும் வழி உண்டு: காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலால் வாயைக் கொப்பளித்தால் இனிப்பு சீக்கிரமே திரும்புகிறது. எட்டு குளுக்கோஸ்கள் கைகோத்த வளையம் அது. அந்த வளையம் ஜிம்னீமிக் அமிலத்தைத் தன் குழிக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இனிப்பைப் பறித்த அமிலத்தைச் சர்க்கரையாலான வளையமே அப்புறப்படுத்துகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

வரலாறு சுருக்கமாக: ஊட்டியில் அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் ‘நேச்சர்’ இதழில் இந்த இலையை ஆராய்ந்து எழுதினார். 1960களில் சுவீடனில், காது அறுவைக்கு வந்தவர்களின் சுவை நரம்பில் மின்முனை வைத்துப் பார்த்தபோது, ஜிம்னீமிக் அமிலம் பட்ட நாக்கிலிருந்து சர்க்கரைச் செய்தி நரம்புக்கு வருவதே நின்றுபோனது தெரிந்தது. ஆக, இது மனப்பிரமை அல்ல.

சுவை நரம்பைத் தேடிக் காதுக்குள் போவானேன்? நாக்கின் முன்பகுதிச் சுவையைச் சுமக்கும் நரம்பு செவிப்பறையை ஒட்டித்தான் ஓடுகிறது. காது அறுவைக்குப் பிறகு சிலர் வாயில் உலோகச் சுவை தட்டுகிறது என்று சொல்வது அதனால்தான்.

இனி மாத்திரை. நாக்கு உணராவிட்டாலும் விழுங்கிய சீனி ரத்தத்தில் ஏறியே தீரும். நாக்கில் நடப்பதைக் காட்டி ரத்தத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது விளம்பரக்காரர்களின் வேலை. 1990இல் சென்னையிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், இலைச் சாறு சேர்த்துச் சாப்பிட்ட 22 பேருக்கு ரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் 22 பேரை வைத்துக்கொண்டு ஊருக்கே மருந்தெழுத முடியாது. மாத்திரையோடு இந்தப் பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இலை மெல்லாமலே சுவை மாறினால்? இலை செய்வதுபோல் ஒரே சுவையை மட்டும் துல்லியமாக நோய் பறிப்பது அபூர்வம். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினும் கிருமிக்குத் தரும் மெட்ரோனிடசோலும் வாயில் உலோகச் சுவையைக் கொண்டுவரலாம். “சுவையே தெரியவில்லை” என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இழந்திருப்பது வாசனையை. மூக்கைப் பொத்திக்கொண்டு நாக்கில் சீனி வைத்துப் பாருங்கள். இனித்தால் நாக்கு வேலை செய்கிறது, மூக்கைத்தான் கவனிக்க வேண்டும். எதுவானாலும், கடையில் வாங்கிய இலைப்பொடி உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.