மேக் மினி வாங்கலாமா? முதல்ல உங்க டிபார்ட்மென்ட்டைச் சொல்லுங்க

12.7 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். டிபன் பாக்ஸ் சைஸ்தான். 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினியைப் பார்த்ததும், 'லேப்டாப்புக்குப் பதிலா இதையே வாங்கிடலாமே'ன்னு நிறைய பேருக்குத் தோணுது. அறிமுக விலை 59,900 ரூபாய், மாணவர் சலுகையில் 49,900. அதுக்கு 16 ஜிபி மெமரியும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கிடைக்கும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் நம்ம செலவு. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற சாதாரண கீபோர்டும் எச்டிஎம்ஐ மானிட்டருமே போதும்.

வேகத்துல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா வீட்டில் பணம் கேட்கிறதுக்கு முன்னாடி, அடுத்த மூணு வருஷத்துக்கு எந்த சாஃப்ட்வேர் தேவைப்படும்னு சீனியர்கிட்ட கேட்டு ஒரு லிஸ்ட் எழுதிக்கோங்க.

மெக்கானிக்கலா? சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும்தான். அன்சிஸ் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும், மேக்கில் ஓடாது. ஆட்டோகேடுக்கும் ஃப்யூஷனுக்கும் மேக் பதிப்பு இருக்கு. சிவில் நண்பர்களே, ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ், ரெவிட் மூணுமே விண்டோஸ். உங்களுக்கு இது வேண்டாம், அவ்வளவுதான். இசிஇ-க்கு நிலைமை பாதிப் பாதி. மேட்லாப், எல்டிஸ்பைஸ், கைகேட், ஆர்டுயினோ எல்லாம் ஓடும். விவாடோவும் கெய்ல் மைக்ரோவிஷனும் ஓடாது. எஃப்பிஜிஏ-வில் ப்ராஜெக்ட் செய்யப்போறவங்க இங்கேயே நின்னுடலாம்.

'அதுல விண்டோஸைப் போட்டுக்கிட்டா?' இதைக் கேட்காதவங்களே இல்லை. பூட் கேம்ப் வசதி இன்டெல் சிப் இருந்த பழைய மேக்குகளோடு முடிஞ்சுபோச்சு. இப்போ பேரலல்ஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கி, அதுக்குள்ள விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை ஓட்டலாம். இன்டெல் சிப்புக்கு எழுதின புரோகிராம்களை அது மொழிபெயர்த்து ஓட்டும். சின்னச் சின்ன புரோகிராம்களுக்குச் சரி. ஆனா டிரைவர்களை அப்படி மொழிபெயர்க்க முடியாது. ப்ரோகிராமர் போர்டையோ லைசென்ஸ் டாங்கிளையோ செருகும்போது, அதுக்கு ஆர்ம் டிரைவர் இல்லைன்னா வேலை அங்கேயே நின்னுடும். ரெவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி இது தெரியவந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

சிஎஸ்இ, ஐடி மாணவர்களுக்குத்தான் இது நிஜமாவே நல்ல பேரம். பைதான், ஜாவா, டாக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எதுக்கும் தடையில்லை. ஐபோன் ஆப் எழுத எக்ஸ்கோடு வேணும், அது மேக்கில் மட்டும்தான் ஓடும். டர்போ சி கேட்கிற லேப் இன்னும் இருந்தா, டாஸ்பாக்ஸ் இருக்கவே இருக்கு! மெஷின் லேர்னிங் பக்கம் மட்டும் ஒரு எச்சரிக்கை: என்விடியாவின் கூடா இதுல கிடையாது, வெளியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு மாட்டவும் வழியில்லை. பைடார்ச்சில் 'கூடா'ன்னு எழுதின இடத்தையெல்லாம் 'எம்பிஎஸ்'னு மாத்தணும். பெரிய ட்ரெய்னிங்குக்கு கோலாப்தான். 4 பிட்டுக்குச் சுருக்கின 8 பில்லியன் அளவு மொழி மாடல் 16 ஜிபியில் தாராளமா ஓடும்.

மெமரியை அப்புறம் கூட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. அது சிப்போடவே சேர்ந்து வருது, வாங்கும்போது எவ்வளவோ கடைசிவரை அவ்வளவுதான். இடம் பத்தலைன்னா வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கலாம். அதனால கையில் காசு கொஞ்சம் மிஞ்சினா மெமரியில் போடுங்க.

பழைய பென்டிரைவ் நேரடியா ஏறாது. இருக்கிற அஞ்சு யூஎஸ்பி போர்ட்டும் சி வகை, ஒரு கன்வெர்ட்டர் வாங்கணும். உங்க ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தா மேக் அதைப் படிக்கும், எழுத விடாது. ஃபைல்களை வேற இடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணிடுங்க, ரெண்டு பக்கமும் வேலை செய்யும்.

பேட்டரி இல்லாததால கரண்ட் போனா அதே நொடி அணைஞ்சிடும். ஆனா முழு வேகத்தில் ஓடும்போதும் எம்4 மாடல் இழுக்கிறது சுமார் 65 வாட்தான், சும்மா இருக்கும்போது 4 வாட். கடையில் கிடைக்கிற 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு இருந்தா, மானிட்டரையும் சேர்த்து, கோடை சேவ் பண்ணி நிதானமா ஷட் டவுன் பண்ற வரைக்கும் தாங்கும்.