சாலமோன் ஆலயத்தில் பிரெஞ்சுக் கல்தச்சர்கள்

எருசலேமில் சாலமோன் மன்னர் கட்டிய ஆலயம் எப்படி இருந்திருக்கும்? அதை நேரில் பார்த்து வரைந்தவர் யாரும் இல்லை. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த ழான் ஃபூக்கே என்ற ஓவியருக்கு அது ஒரு தடையாகவே இல்லை. யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் கையெழுத்துப் பிரதி ஒன்றுக்காக அந்த ஆலயத்தை அவர் வரைந்தார். வரைந்தது என்னவோ, அசல் பிரெஞ்சுப் பேராலயம்! கூர்முனை வளைவுகள், வாசலைச் சுற்றிலும் சிலைகள், முகப்பெங்கும் பொன்னிறம்.

ஓவியத்தின் ஓரத்தில், மாடத்தில் நின்றபடி மன்னர் வேலையை மேற்பார்வையிடுகிறார். கீழே ஒரே பரபரப்பு. ஒருவர் கல்லைச் செதுக்குகிறார், இன்னொருவர் சாந்து சுமக்கிறார், ஒரு சிற்பி சிலையில் மும்முரமாக இருக்கிறார். உச்சியில் பாரம் தூக்கும் சக்கரம் ஒன்றும் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆலயம் எழும்பிய இடத்தில் சுத்தியல், உளிச் சத்தமே கேட்கவில்லை என்பது விவிலியம் தரும் செய்தி. கற்கள் முன்பே செதுக்கப்பட்டு வந்தனவாம். ஃபூக்கேயின் ஓவியத்திலோ உளிச் சத்தம் காதில் விழாத குறைதான்! தம் காலத்துக் கட்டுமானக் களத்தையே அவர் அப்படியே தீட்டிவிட்டார். பழைய பேராலயங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று ஆராய்பவர்களுக்கு அதுவே நல்ல சான்றாகிவிட்டது.

அந்தப் பிரதி இன்று பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.