பேட்ச்சோட ஜாதகம்: தொழிற்சாலை ரெக்கார்டர் டிஸ்க்கில் என்ன எழுதுது?

இன்னைக்குப் பேசப்போறது ஒரு சின்னப் பெட்டியைப் பத்தி. மருந்து, பால், இரும்புன்னு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் கன்ட்ரோல் பேனல்ல இது இருக்கும். பேர் ரெக்கார்டர். வெப்பநிலை, அழுத்தம் மாதிரியான அளவுகளை விடாம எழுதி வைக்கிறதுதான் இதோட வேலை.

ஏன் எழுதணும்? ஆஸ்பத்திரியில ஏத்துற குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கோங்க. நிரப்பி மூடின பிறகு அதை ஆட்டோகிளேவ்ல வைப்பாங்க. ராட்சத பிரஷர் குக்கர்னு வச்சுக்கலாம். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைஞ்சது 15 நிமிஷம், இது பொதுவான கணக்கு. உள்ளே கிருமி செத்துச்சான்னு பாட்டிலைப் பார்த்தா தெரியாது. எல்லாப் பாட்டிலையும் திறந்து சோதிக்கவும் முடியாது, திறந்ததை விக்க முடியாதே. அதனால அந்த 15 நிமிஷம் என்ன நடந்ததுங்கிற பதிவுதான் முக்கியமான சாட்சி.

அந்தச் சாட்சியைக் கேட்காம விட்டா என்ன ஆகும்? 1972-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரத்துல, டெவன்போர்ட் ஆஸ்பத்திரியில் கிருமி கலந்த டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஏத்தின நோயாளிகள் இறந்தாங்க. ஆட்டோகிளேவுக்குள்ள காற்று சிக்கியிருந்ததால கீழ்த்தட்டுப் பாட்டில்களுக்குச் சரியா சூடு ஏறலைன்னு விசாரணையில் தெரிஞ்சது. ரெக்கார்டர்ல வெப்பநிலை ஏறாதது பதிவாகியிருந்தது. ஆனா அங்க இருந்தவங்க, ரெக்கார்டர்தான் ரிப்பேர்னு நினைச்சு வேற மீட்டரை நம்பிட்டாங்க.

அந்தக் காலத்து ரெக்கார்டர்ல காகிதம் நகரும், மை பேனா கோடு போடும். பிறகு 'பேப்பர்லெஸ்' ரெக்கார்டர் வந்தது. பேனாவுக்குப் பதில் திரை, காகிதத்துக்குப் பதில் கழட்டி எடுக்கிற டிஸ்க். 90-களின் மாடல்களில் ஃபிளாப்பி, அப்புறம் காம்பாக்ட் ஃபிளாஷ், எஸ்.டி. கார்டு, யு.எஸ்.பி.

சரி, ஒரு ஃபிளாப்பியில எவ்வளவு நாள் டேட்டா பிடிக்கும்? கணக்குப் போடுவோம். 1.44 எம்.பி. ஃபிளாப்பின்னா 14,74,560 பைட். ஆறு சென்சார், ஒரு அளவுக்கு 2 பைட், ஆக ஒரு தடவைக்கு 12 பைட். செகண்டுக்கு ஒரு தடவை எழுதினா சுமார் 34 மணி நேரத்துல டிஸ்க் ஃபுல். 10 செகண்டுக்கு ஒரு தடவைன்னா 14 நாள் வரும்.

ஆனா அந்த 10 செகண்ட் இடைவெளிக்குள்ள வெப்பநிலை சட்டுனு விழுந்து எழுந்தா? பதிவுல தடயமே இருக்காது. அதனால ரெக்கார்டர் வேகமா அளந்துகிட்டே இருக்கும். ஒவ்வொரு 10 செகண்டுக்கும் அதுல வந்த குறைந்தபட்சம், அதிகபட்சம் ரெண்டையும் எழுதும். இடம் ரெண்டு மடங்கு ஆகும், 14 நாள் 7 நாளாகும். வாரம் ஒரு டிஸ்க் செலவானாலும் எந்தச் சரிவும் தப்பாது.

அடுத்த கேள்வி: ஓடிட்டு இருக்கும்போதே டிஸ்க்கைப் பிடுங்கினா? ஃபைல் எழுதுறதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, டேட்டாவை டிஸ்க்ல வைக்கிறது. இன்னொண்ணு, அது எங்க இருக்கு, எவ்வளவு நீளம்னு அட்டவணையில குறிக்கிறது. லைப்ரரியில புத்தகத்தை அலமாரியில வச்சுட்டு ரெஜிஸ்டர்ல எழுதாம விட்ட மாதிரி, நடுவுல பிடுங்கினா டேட்டா இருக்கும், ஆனா ஃபைல் திறக்காது. அதனாலதான் நல்ல ரெக்கார்டர் முதல்ல தன் உள் மெமரியில எழுதிக்கும். அப்பப்போ மொத்தமா டிஸ்க்குக்கு நகலெடுக்கும். டிஸ்க் வெளியே இருந்தாலும் பதிவு நிக்காது. மெனுவுல 'எஜெக்ட்' கொடுத்துட்டுக் கழட்டச் சொல்றது இதுக்குத்தான்.

டிஸ்க் நிறைஞ்சா ரெண்டு வழி: நிறுத்திட்டு அலாரம் அடிக்கலாம், இல்லைன்னா பழசை அழிச்சு மேல எழுதலாம். நம்ம சர்வர் லாக்குக்கு ரெண்டாவது வழி ஓகே. மருந்து பேட்ச்சுக்கு அது ஆபத்து. ஆறு மாசம் கழிச்சு ஒரு நோயாளிக்குப் பிரச்சினைன்னு வந்தா, அந்த நாள் பதிவு வேணும் இல்லையா?

கடைசியா நம்பகத்தன்மை. சி.எஸ்.வி. ஃபைல்னா எக்செல்ல திறந்து 118-ஐ 121-ஆ மாத்த ஒரு நிமிஷம் போதும். அதனால பல ரெக்கார்டர்கள் பைனரி ஃபைலா, செக்சம் சேர்த்து எழுதும். ஒரு பைட் மாறினாலும் கணக்கு உதைக்கும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997-ல் அமலுக்குக் கொண்டுவந்த '21 சி.எஃப்.ஆர். பார்ட் 11' விதி, மின்னணுப் பதிவுல யார், எப்போ, என்ன மாத்தினாங்கன்னு தடம் இருக்கணும்னு சொல்லுது. ரெக்கார்டரோட கடிகாரத்தை மாத்தினாக்கூட அதுவும் பதிவாகணும்.

இப்போ நெட்வொர்க் இருக்கே, டிஸ்க் எதுக்குன்னு கேட்பீங்க. கேபிள் அறுந்தாலும் கார்டுல பதிவு நடக்கும். அது இன்னமும் உள்ள பெரிய வசதி. ஆனா அதே யு.எஸ்.பி. வழியாத்தான் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பரவுச்சு. அதனால ரெக்கார்டருக்குன்னு தனி கார்டு வச்சுக்கிறது நல்லது, வீட்டுல படம் பார்க்கிற பென்டிரைவ் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பிளான்ட்ல வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரு வேலை செய்யுங்க: போன மாசக் கார்டுல இருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. திறக்குதா, தேதி சரியா இருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!