ஊர்வன உலகம் - 14: வால் சொல்லும் பொய்

கிலுகிலுப்பைப் பாம்பின் வாலில் தோலுரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும், அதை எண்ணி வயதைச் சொல்ல முடியாது என்று போன வாரம் முடித்தோம். இந்த வாரம் கிலுகிலுப்பையே இல்லாத தீவுப் பாம்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் அந்த ஓசையைப் பற்றிய ஓர் ஆய்வு பாதையின் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

எச்சரிக்காமல் கடிக்காத பாம்பு என்று கிலுகிலுப்பைப் பாம்புக்கு அமெரிக்காவில் பழைய பெயர் ஒன்று உண்டு. 1775-இல், விடுதலைப் போர் மூண்ட வருடத்தில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியதாகக் கருதப்படும் பத்திரிகைக் கட்டுரை ஒன்று இந்தக் குணத்துக்காகவே இதை அமெரிக்காவின் சின்னமாக்கலாம் என்றது. (இதே ஃபிராங்க்ளின்தான் 1751-இல், குற்றவாளிகளைக் கப்பலேற்றி அனுப்பும் பிரிட்டனுக்குப் பதில் மரியாதையாகக் கிலுகிலுப்பைப் பாம்புகளை அனுப்பலாம் என்று கிண்டலடித்தவர்.) ஆனால் உடலில் ரேடியோ பொருத்திப் பாம்புகளைப் பின்தொடர்ந்தவர்கள் கண்டது வேறு. ஆள் அருகில் வந்தாலும் பல பாம்புகள் மூச்சுக்காட்டாமல் கிடக்கின்றன. மண்ணோடு மண்ணாய்த் தெரியும் உடல் இருக்கும்போது தன் இருப்பிடத்தை எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்? ஒளிவது பலிக்காது என்று பட்டால்தான் வால் எழுகிறது. ஆக, அந்த ஓசையில் பெருந்தன்மை எதுவும் இல்லை. தன் உடம்பைக் காத்துக்கொள்ளப் பாம்பு நடத்தும் பேரம் அது. பேரத்தில் பொய்யும் வரும்.

அந்தப் பொய்யைத்தான் 2021-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் கையும் களவுமாகப் பிடித்தார்கள். டயமண்ட்பேக் எனப்படும் மேற்கத்திய இனத்தை நோக்கி ஒரு பொருள் நெருங்க நெருங்க, வாலின் ஆட்டம் நொடிக்குச் சுமார் 40 வரை படிப்படியாக ஏறுகிறது. கேட்பவருக்கு இது வசதி: ஓசையின் வேகத்தை வைத்தே தூரத்தைக் கணக்குப் போடலாம். அப்படிக் கணக்குப் போடப் பழகும் நேரத்தில் ஆட்டம் திடீரென 60 முதல் 100 வரை தாவிவிடுகிறது. தனித்தனியாகக் கேட்ட கிலுகிலு ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிறது. இதைக் கணினி உருவாக்கிய புல்வெளியில் 11 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாம்பு 1 மீட்டர் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்போது சொல்ல வேண்டும். தாவல் நிகழ்ந்த இடம் 4 மீட்டர். பாம்பு இருப்பதைவிட மிக அருகில் இருப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். படிப்படியான ஏற்றம் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது. தாவல் அதைச் செலவழிக்கிறது. கடன் கேட்பவர்கள் முதல் இரண்டு தவணையை ஒழுங்காகக் கட்டுவது மாதிரி.

பொய் என்றால் காலப்போக்கில் வெளுத்துப் போகாதா என்று கேட்கலாம். போகாது, காரணம், நம்புவதால் ஏற்படும் நஷ்டம் நாலடி பின்வாங்குவது மட்டும்தான், நம்பாவிட்டால் உயிரே போகலாம். வளையில் வாழும் ஆந்தையும் கோஃபர் பாம்பும் இதே ஓசையைப் போலிசெய்து பிழைப்பதும் இதனால்தான். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: மனிதன் அந்தக் கண்டத்தில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வால் ஆடிக்கொண்டிருந்தது, 11 மனிதர்களின் காதுகளை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது? உண்மைதான், நரிக்கும் பருந்துக்கும் இது இப்படித்தான் கேட்கும் என்று சோதனை நிரூபிக்கவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் தரை அணில்கள் வேறொரு சாட்சி சொல்கின்றன. 1999-இல் வெளியான ஆய்வில், பெரிய, உடல் சூடேறிய பாம்பின் ஓசையை ஒலிபரப்பியபோது அவை கூடுதலாக எச்சரிக்கையடைந்தன. சிறிய, குளிர்ந்த பாம்பின் ஓசைக்கு அவ்வளவு இல்லை. வெப்பம் குறைந்தால் தசை மெதுவாகும், ஓசையும் மாறும்; அதைப் பாம்பால் மறைக்க முடியாது. மறைக்க முடியாத இடத்தில் உண்மை கசிகிறது, கட்டுப்படுத்த முடிந்த இடத்தில் பொய் நுழைகிறது. நம் சுருட்டை விரியன் செதில்களை உரசி எழுப்பும் சரசரப்பை யாராவது இப்படி அளந்து பார்த்தால் தேவலை.

கலிஃபோர்னியா வளைகுடாவில் உள்ள சாண்டா கடலினா தீவின் பாம்பு தோலுரித்தாலும் வளையம் தங்குவதில்லை. வால் ஆடினாலும் ஓசை இல்லை. பேரம் பேச ஆளில்லாத தீவில் அது ஊமையானது ஏன் என்பது அடுத்த வாரம், குறுக்கே வேறெதுவும் வந்து படுக்காவிட்டால்.